பார்ப்பவர் மட்டுமா நாம்?

தமிழ்நாட்டில் திரைப்படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. தேநீர்க் கடைப் பெஞ்சிலும், பேருந்திலும், விடுதியின் சாப்பாட்டு அறையிலும் நாள்தோறும் நடக்கின்ற விவாதங்களைக் கேட்டால், நம்மில் ஒவ்வொருவரும் ஓர் இயக்குநரோ என்று எண்ணத் தோன்றும். "இடைவேளைக்குப் பிறகு கதையைக் கோட்டை விட்டுவிட்டார்" என்பார் ஒருவர். "ஒளிப்பதிவு பிரமாதம்" என்பார் இன்னொருவர். ஒளிப்பதிவு என்றால் என்ன, அதை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. பதில் வராமல் விழித்தவர்களுள் நானும் ஒருவன்.

மற்றக் கலைகளில் நாம் இப்படி இல்லை. கவிதையைச் சுவைத்தவன் ஒரு நாள் தானும் நான்கு வரி எழுதிப் பார்க்கிறான். அதற்கு இந்த மலரே சான்று. பாட்டைக் கேட்டவர் குளிக்கும்போதேனும் பாடிப் பார்க்கிறார். கிரிக்கெட் பார்த்த சிறுவன் தென்னை மட்டையைச் செதுக்கிக்கொண்டு தெருவில் இறங்குகிறான். திரைப்படத்தில் மட்டும் நாம் பார்ப்பவராகவே தொடங்கிப் பார்ப்பவராகவே முடிகிறோம்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நெடுங்காலம் அது பணம் படைத்தோர் கைக்கு மட்டுமே எட்டிய கலை. 35 மி.மீ. படச்சுருளில் ஆயிரம் அடி ஓடி முடிய ஏறத்தாழ 11 நிமிடங்களே ஆகும். சுருளுக்கு விலை, கழுவக் கூலி, பிரதி எடுக்கக் கூலி என்று ஒவ்வோர் அடிக்கும் காசு வேண்டும். ஏழை மாணவன் எங்கே போவான்? இன்று அந்தத் தடை நீங்கிவிட்டது. நம் சட்டைப் பையில் கிடக்கும் கைப்பேசியே படம் பிடிக்கிறது, ஒலியும் பிடிக்கிறது. தடை நீங்கியும் நாம் அடி எடுத்து வைக்கவில்லை என்பதுதான் என் குறை.

பெரிய நிறுவனத்தின் பணமும் நட்சத்திரங்களின் பெயரும் இன்றி, சொல்ல விரும்பியதைத் தன் விருப்பப்படி எடுக்கும் படத்தைச் 'சுயாதீனத் திரைப்படம்' என்பர். அதன் அரிச்சுவடியைக் கைப்பழக்கமாகக் கற்றுத்தரும் தொடக்கப் பயிற்சி ஒன்று, நம்முடையது போன்ற ஒவ்வோர் அரசு கலைக் கல்லூரியிலும் நடைபெற வேண்டும் என்பது என் கருத்து. அதோடு ஒரு நிபந்தனையும் வேண்டும் என்பேன். அந்த நிபந்தனை எனக்கு எப்படிப் புரிந்தது என்பதைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. ஆகவே அதைப் பின்னால் வைக்கிறேன்.

முன்னோடிகள் எங்கே கற்றார்கள்?

'திரைப்படம் எடுக்கக் கல்லூரியில் சேர்ந்து பட்டயம் பெற வேண்டும். அல்லது கோடம்பாக்கத்தில் பத்தாண்டுகள் உதவியாளராக அலைய வேண்டும்' என்பது நம்மிடையே நிலவும் எண்ணம். சென்னைத் தரமணியிலும் புனேயிலும் உள்ள நிறுவனங்களின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே இடங்கள் சில; விரும்புவோர் பல்லாயிரவர். மேலும், முன்னோடிகள் பலர் அந்த வாசல் வழியாக வந்தவர்கள் அல்லர்.

தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமான 'கீசக வத'த்தை எடுத்த நடராஜ முதலியார், மோட்டார் உதிரி பாகங்கள் விற்ற வணிகர். தாதாசாகிப் பால்கேயின் படங்களைப் பார்த்து ஆர்வம் கொண்ட அவர், புனேயில் இருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கேமராவைக் கையாளும் முறையைப் பழகிக்கொண்டார். பிறகு சென்னை திரும்பிப் புரசைவாக்கத்தில் படப்பிடிப்புக் கூடம் அமைத்தார். தமிழ்நாட்டின் திரைப்பட வரலாறே ஒரு தொடக்கப் பயிற்சியிலிருந்துதான் கிளம்பியது எனின் மிகையாகாது.

சத்யஜித் ராயை எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராக வேலை பார்த்தவர் அவர். 1952 அக்டோபரில் 'பதேர் பாஞ்சாலி'யின் படப்பிடிப்பைத் தொடங்கியபோது அவர் அதற்கு முன் ஒரு படமும் இயக்கியதில்லை. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு வயது இருபதைச் சற்றே கடந்திருந்தது. திரைப்படக் கேமராவை அதற்கு முன் இயக்கியதே இல்லை. நாணற்பூக் காட்டில் முதல் நாள் படம் பிடித்துவிட்டு, மறு ஞாயிறு போய்ப் பார்த்தால் பூக்கள் ஒன்றும் இல்லை, மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த பருவம் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கைப்பணம் தீர்ந்து படம் நின்று, மேற்கு வங்க அரசின் உதவியால் தொடர்ந்து, 1955இல் வெளிவந்தது. அந்த மூன்றாண்டும் அவர்களுக்குப் பள்ளிக்கூடமாகவே அமைந்தன என்று சொல்லலாம்.

இவை பழங்கதைகள் என்று தள்ள வேண்டா. மேலூர்ப் பக்கத்து வறண்ட நிலத்தில், தந்தையும் மகனும் வெயிலில் நடக்கும் நடையையே கதையாக வைத்து பி.எஸ். வினோத்ராஜ் எடுத்த 'கூழாங்கல்', 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் புலி விருதைப் பெற்றது. அதற்கு மாளிகை அரங்கமும் வெளிநாட்டுப் பாட்டும் தேவைப்படவில்லை. தன் மண்ணை உற்றுப் பார்த்த கண் தேவைப்பட்டது.

உற்றுப் பார்ப்பதைக் கற்றுத்தர முடியுமா? முடியும் என்பதை நான் பத்து நாளில் கண்டேன்.

கருவி தராத முதல் நாள்

கடந்த கோடை விடுமுறையில் எங்கள் ஊரில் நடந்த பத்து நாள் பயிற்சியில் சேர்ந்தேன். மொத்தம் பதினாறு பேர். பெரும்பாலோர் என்னைப் போல் கலைப்பிரிவு மாணவர், ஒருவர் செவிலியர், ஒருவர் ஓய்வு பெற்ற தபால்காரர். முதல் நாளே கேமராவைத் தோளில் வைத்து நிற்பதாகக் கனவு கண்டு போனவர்களுக்கு ஆசிரியர் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் கொடுத்தார். "பேருந்து நிலையத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள்" என்றார்.

நான் மூன்று பக்கம் எழுதினேன். 'ஒரு மூதாட்டி சோகமாக அமர்ந்திருந்தார்' என்பது அதில் ஒரு வரி. ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்தார். "சோகத்தை எப்படி அப்பா படம் பிடிப்பாய்? அவர் என்ன செய்துகொண்டிருந்தார், அதைச் சொல்" என்றார். நினைத்துப் பார்த்தேன். அந்த அம்மையார் தம் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ணினார், முடிந்தார், சற்று நேரம் கழித்து மீண்டும் அவிழ்த்து எண்ணினார். அதைக் கண்ணால் கண்டிருந்தும் எழுத மறந்து, 'சோகம்' என்னும் சொல்லைப் போட்டு மூடிவிட்டேன். பதினாறு ஆண்டுப் பள்ளி, கல்லூரிப் படிப்பில் எனக்குக் கிடைக்காத பாடம் இது. பார்ப்பதற்கு முன்பே பெயர் சூட்டிவிடும் பழக்கம் நம்மிடம் எவ்வளவு ஊறிப்போயிருக்கிறது!

இரண்டாம் நாள் ஒரு நிமிடப் படம். கேமராவை ஓரிடத்தில் ஊன்றி, அசைக்காமல், ஒரே காட்சியாக ஒரு நிமிடம் எடுக்க வேண்டும். பிரான்சு நாட்டு லூமியர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28 அன்று பாரிசில் கட்டணம் பெற்றுக் காட்டிய பத்துப் படங்களும் இத்தகையனவே. ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. தொழிற்சாலைக் கதவு திறக்கிறது, தொழிலாளர் வெளியே வருகின்றனர், அவ்வளவுதான். எளிதென்று நினைத்து நான் எடுத்த முதல் நிமிடத்தில் ஒன்றுமே நிகழவில்லை. கேமராவை நான் எடுத்துவிட்ட மறு கணம், குழாயடியில் குடங்களின் சண்டையே தொடங்கிவிட்டது! எங்கே ஊன்றுவது, எப்போது தொடங்குவது, எவ்வளவு பொறுப்பது என்ற மூன்றையும் அந்த ஏமாற்றமே கற்பித்தது.

மூன்றாம் நாள் ஒருவர் தேநீர் ஆற்றுவதை ஐந்து துண்டுக் காட்சிகளில் சொல்லவேண்டும். நான்காம் நாள் இருவர் பேசும் காட்சி. பேசுபவர் இருவருக்கும் இடையே ஒரு கோடு இருப்பதாகக் கொண்டு, கேமரா எப்போதும் அதன் ஒரு பக்கத்திலேயே நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டினால், எதிரெதிரே இருப்பவர்கள் திரையில் ஒரே திசையைப் பார்ப்பதுபோல் தோன்றுவர். இதை நூலில் படித்தால் தலை சுற்றும். ஒருமுறை தாண்டிப் பார்த்துத் தவறு செய்தால் வாழ்நாளெல்லாம் மறக்காது.

ஐந்தாம் நாள் ஒலி. மின்விசிறியை நிறுத்தச் சொன்னார் ஆசிரியர். மே மாதத்து வெயிலில் அனைவரும் வியர்த்துக் கொட்ட, அரை நிமிடம் யாரும் பேசாமல் அந்த அறையின் அமைதியைப் பதிவு செய்தோம். அமைதியைப் பதிவு செய்வானேன் என்று சிரித்தவன் நான். ஒவ்வோர் இடத்தின் அமைதிக்கும் ஓர் ஒலி உண்டு. துண்டுக் காட்சிகளை ஒட்டும்போது பேச்சுக்கிடையே விழும் வெற்றிடத்தை அந்த ஒலியால்தான் நிரப்ப வேண்டும். அது இல்லையேல் காது அடைத்துத் திறப்பதுபோல் இருக்கும்.

இஸ்திரி வண்டி

ஆறாம் நாள் நால்வர் நால்வராகப் பிரித்தார்கள். நான்கு நிமிடப் படம் ஒன்று எடுக்க வேண்டும். எடுக்கும் காட்சிகளின் மொத்த நீளம் நாற்பது நிமிடங்களைத் தாண்டக் கூடாது. கைப்பேசியில் மணிக்கணக்காக எடுக்கலாமே என்றோம். "சுருள் இருந்த காலத்தில் இது நான்கு சுருளுக்கும் குறைவு. செலவு இல்லை என்பதற்காக யோசிப்பதையும் விட்டுவிடாதீர்கள்" என்றார் ஆசிரியர்.

எங்கள் குழு, பயிற்சிக்கூடத்தின் தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடும் ஓர் அக்காவைத் தேர்ந்தெடுத்தது. காலை ஆறு மணிக்குக் கரியைப் பற்றவைப்பார். பித்தளைப் பெட்டி ஆறேழு கிலோ எடை இருக்கும். துணி மூட்டைகளை வீட்டுக்கு வீடு சென்று வாங்கி வருவதும், கொண்டு கொடுப்பதும் அவரே. எங்கள் குழுவிலிருந்த மாணவி முதலில் பேசி அனுமதி பெற்றார். "எடுத்துக்குங்க தம்பி, எனக்கென்ன" என்று அக்கா சிரித்தார்.

நாங்கள் அந்தச் சிரிப்பை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டோம். கரி பற்றவைக்கும் காட்சியில் புகை சரியாக விழவில்லை என்று மறுபடி செய்யச் சொன்னோம். வெளிச்சம் போதவில்லை என்று வண்டியைத் திருப்பச் சொன்னோம். மூன்றாம் முறையும் கரியைக் கொட்டிப் புதிதாகப் பற்றவைத்தார். மணி எட்டரை ஆயிற்று. அலுவலகம் போகும் ஒருவர் வந்து, தம் சட்டை தயாராகவில்லை என்று எங்கள் கண்ணெதிரிலேயே அவரைக் கடிந்துகொண்டார். அக்கா எங்களைச் சுட்டிக்காட்டவில்லை. தலை குனிந்து அந்தச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தார். அவர் போன பிறகுதான் சொன்னார்: "தம்பி, உங்களுக்கு இது பாடம். எனக்கு இது பொழப்பு."

அன்று அதற்குமேல் நாங்கள் ஒன்றும் எடுக்கவில்லை. மறுநாள் எதையும் செய்யச் சொல்வதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு, வண்டிக்கு எதிரே திண்ணையில் காத்திருந்தோம். எங்களை மறந்து அவர் வேலை செய்யத் தொடங்கியபோதுதான் படம் கிடைத்தது. பெட்டியின் சூட்டைப் பார்க்க ஈர விரலால் ஒரு சொட்டு நீரைத் தெளிப்பார். 'சுர்' என்று பறக்கும். ஒவ்வொரு சட்டைக்கும் கழுத்துப் பட்டையிலேயே தொடங்குவார். வலக்கை ஓய்ந்தால் இடக்கைக்கு மாற்றிக்கொள்வார். இவற்றையெல்லாம் நாங்கள் கேட்டுப் பெற்றிருக்க முடியாது; இருப்பதே தெரியாதே!

எல்லாம் எடுத்து முடித்துப் போட்டுப் பார்த்தால், அந்தச் 'சுர்' இல்லை. எட்டடி தூரத்தில் இருந்த கைப்பேசிக்குப் பேருந்துகளின் ஒலி மட்டுமே கேட்டிருக்கிறது. மாலையில் மீண்டும் போய், கைப்பேசியை வண்டியின் ஓரத்திலேயே வைத்து ஒலியை மட்டும் தனியாக எடுத்தோம்.

அடுத்து வந்தது தொகுப்பு வேலை. வெட்டி ஒட்டும் வேலை என்று பெயர். உண்மையில் ஆசையைத் துறக்கும் வேலை. சூரியன் மறையும் வேளையில் வண்டியின் நிழல் தெருவெங்கும் நீண்டு விழும் காட்சி ஒன்றை நான் எடுத்திருந்தேன். அழகு என்றால் அவ்வளவு அழகு. மூன்று நண்பர்களும் அதை நீக்க வேண்டும் என்றனர். "இது அந்த அக்காவைப் பற்றியதா, உன்னைப் பற்றியதா?" என்று கேட்டாள் அந்த மாணவி. அரை நாள் வாதாடினேன். கடைசியில் நானே நீக்கினேன். படம் மூச்சு விட்டதுபோல் இருந்தது.

மேடையும் சுவரும்

பத்தாம் நாள் சான்றிதழ் வழங்கும் விழா. மாலைகள், பொன்னாடைகள், வாழ்த்துரைகள். சிறப்பு விருந்தினர் மூவரும் ஆளுக்கு அரை மணி பேசினர். மாணவர் எடுத்த படங்களுக்கென ஒதுக்கிய நேரம் கரைந்தது. எங்கள் படம் இரண்டு நிமிடம் ஓடியவுடன், தலைமை தாங்கியவருக்கு வேறு நிகழ்ச்சி இருப்பதாகச் சொல்லி நிறுத்திவிட்டார்கள். படத்தில் இடம்பெற்றவர் எவரையும் அழைத்திருக்கவில்லை. அழைக்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. நண்பர் ஒருவரின் மாமாவிடம் சிறு புரொஜெக்டர் ஒன்று இருந்தது. இரண்டு நாள் கழித்து இரவு எட்டு மணிக்கு, இஸ்திரி வண்டிக்குப் பின்னால் இருந்த சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, அக்காவுக்கும் அவர் பிள்ளைகளுக்கும் படத்தைக் காட்டினோம். தெருக்காரர் நாலைந்து பேரும் கூடினர்.

அக்கா முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "என் முதுகு இம்புட்டா வளைஞ்சு போச்சு?" என்று தமக்குத்தாமே கேட்டுக்கொண்டார். அவருடைய மகன், பத்து வயதிருக்கும், திரையைப் பார்க்காமல் அம்மாவின் முதுகைப் பார்த்தான்.

நான்காவது நிமிடத்தில் கணக்கு நோட்டு வரும் காட்சி. எந்த வீட்டில் எவ்வளவு பாக்கி என்று கதவு எண்ணோடு அவர் எழுதி வைத்திருந்த பக்கத்தை அண்மைக் காட்சியாக எடுத்திருந்தோம். உழைப்பவரின் வறுமையை ஒரே பக்கத்தில் காட்டும் இடம் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்ட காட்சி அது. ஆசிரியரும் பாராட்டியிருந்தார். அக்கா எழுந்து நின்றுவிட்டார். "இதை மட்டும் எடுத்துடு தம்பி. யார் வீட்ல பாக்கின்னு ஊருக்கே தெரிஞ்சா, நாளைக்கு எனக்கு யாரு துணி குடுப்பா?"

எனக்கு உடல் குளிர்ந்துவிட்டது. விழா மேடையில் படத்தை இரண்டு நிமிடத்தில் நிறுத்தியிராவிட்டால், அந்த நோட்டுப் பக்கம் ஊரார் முன் ஓடியிருக்கும். அந்தத் தெருவைச் சேர்ந்தவர்களும் அவையில் இருந்தார்கள். யார்மேல் ஆத்திரப்பட்டுக்கொண்டிருந்தேனோ அவர்கள்தாம், தம்மை அறியாமலே, ஓர் ஏழைப் பெண்ணின் பிழைப்பைக் காப்பாற்றியிருக்கிறார்கள்! அன்றிரவே அந்தக் காட்சியை நீக்கினோம். படம் இப்போது மூன்றரை நிமிடம்.

இதுதான் நிபந்தனை

இவ்விடத்தில் ஒரு பெரியவரின் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். ழான் ரூஷ் என்பவர் ஆப்பிரிக்காவில் பல படங்கள் எடுத்த பிரெஞ்சு இயக்குநர். நைஜர் ஆற்றில் நீர்யானை வேட்டையாடுவோரைப் பற்றி எடுத்த படத்தை, 1950களில் அந்த ஊருக்கே கொண்டுபோய், வேட்டைக்காரர்களுக்குக் காட்டினார். வேட்டைக் காட்சிக்கு அவர் விறுவிறுப்பான இசை சேர்த்திருந்தார். ஊரார் அதை ஏற்கவில்லை. 'வேட்டையில் வாய் திறக்கக் கூடாது. இவ்வளவு ஓசை கேட்டால் நீர்யானை ஓடிவிடுமே' என்பது அவர்கள் சொன்ன குறை. ரூஷ் அந்த இசையை நீக்கிவிட்டார். அறிஞர் அவையில் கிடைக்காத திருத்தம் எழுதப் படிக்கத் தெரியாத வேட்டைக்காரரிடம் கிடைத்தது.

அதே ரூஷ்தான் 1978இல், அப்போது புதிதாக விடுதலை பெற்றிருந்த மொசாம்பிக் நாட்டினர் தங்கள் நாட்டின் மாறுதல்களைப் படமாக்குமாறு பெயர்பெற்ற இயக்குநர்களை வேண்டியபோது, வேறொரு யோசனை சொன்னார். நாங்கள் வந்து எடுப்பதைவிட, உங்கள் இளைஞர்களுக்கே சிறு கேமராக்களைக் கொடுத்துப் பழக்குவோம் என்றார். 'சூப்பர் 8' என்னும் சிறிய படச்சுருளில் செய்முறைப் பயிற்சி நடந்தது. அதிலிருந்து பிறந்ததே 1981இல் பாரிசில் அமைந்த 'அத்தெலியே வாரான்' என்னும் பயிற்சி நிறுவனம். செய்து கற்பதே அதன் அடிப்படை.

நம் பக்கத்திலும் முன்மாதிரி உண்டு. தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை'யை 1977இல் எடுத்த ஜான் ஆபிரகாம், 1984இல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு 'ஒடேசா' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஊர் ஊராகச் சென்று மக்களிடம் சிறுதொகை திரட்டி 1986இல் 'அம்ம அறியான்' என்ற மலையாளப் படத்தை எடுத்து, மக்களிடமே கொண்டுபோய்க் காட்டினர். படம் மக்களிடமிருந்து வருவது. மக்களிடமே திரும்ப வேண்டியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே என் நிபந்தனை இது. பயிற்சியில் எடுக்கப்படும் படம் எதுவாயினும், அது முதலில் யாரைப் பற்றியதோ அவர் முன்னிலையில் திரையிடப்பட வேண்டும். அவர் நீக்கச் சொல்வதை நீக்கிய பிறகே மேடைக்கும் போட்டிக்கும் போக வேண்டும். அதிகாரம் படைத்தவரின் தவற்றை வெளிக்கொணரும் படத்துக்கும் இதே விதியா என்று கேட்கலாம். இல்லை, அங்கே நியாயம் வேறு. ஆனால் தொடக்க மாணவன் எடுப்பது பெரும்பாலும் தன்னைவிட எளியவரைத்தான். எளியவர்தாம் நம்மை விரட்டுவதில்லை.

மறுப்புகளுக்கு விடை

'கையில் கைப்பேசி இருக்கிறது, ஆளுக்கு ஆள் எடுத்துத் தள்ளுகிறார்கள், பயிற்சி எதற்கு?' என்பர் சிலர். பேனா எல்லோரிடமும் இருக்கிறது என்பதால் எழுத்துப் பயிற்சி வேண்டாம் என்று யாரும் சொன்னதுண்டா? கருவி பெருகப் பெருகப் பொறுப்பும் பழக வேண்டும். எங்கள் கையில் இருந்ததும் கைப்பேசிதான். அதை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுக்க இருந்தோமே!

'வேலை கிடைக்குமா?' என்பது இரண்டாம் கேள்வி. பத்து நாள் பயிற்சியால் யாரும் இயக்குநராகிவிட மாட்டார்கள். நானும் ஆகப்போவதில்லை. ஆனால் ஒரு காட்சி எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்தவனை, வெட்டி ஒட்டிய பொய்ச் செய்திப் படத்தைக் காட்டி எளிதில் ஏமாற்ற முடியாது. எங்கே வெட்டியிருக்கிறார்கள், எந்த ஒலியைப் பிறகு சேர்த்திருக்கிறார்கள் என்று அவன் கண்ணும் காதும் தேடும். திரையைப் பார்த்தே தலைவர்களைத் தேர்ந்தெடுத்த வரலாறு கொண்ட நாட்டில் இது சிறிய பயன் அன்று.

'படிப்புக் கெடும்' என்பது மூன்றாவது. அந்த மூதாட்டியின் முந்தானை முடிச்சைக் காணத் தெரிந்த பிறகுதான், பொருளாதாரப் பாடத்தில் வரும் 'வறுமை' என்ற சொல்லுக்கு எனக்குப் பொருள் விளங்கியது என்று மட்டும் சொல்வேன்.

நம் கல்லூரியில் என்ன செய்யலாம்?

பெருஞ்செலவு தேவையில்லை. கேமரா நம்மிடமே இருக்கிறது. கல்லூரி வாங்க வேண்டியவை ஒரு முக்காலி, ஒரு தனி மைக், ஒரு புரொஜெக்டர். தொகுப்பதற்குக் கெடன்லைவ், ஷாட்கட் போன்ற மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. கணினி ஆய்வகத்தை மாலை நேரத்தில் திறந்துவிட்டால் போதும். தமிழ், வரலாறு, பொருளாதாரம், விலங்கியல் என எத்துறை மாணவரும் சேரலாம் என்று இருக்க வேண்டும். கட்டணம் கூடாது. கட்டணம் வைத்தால் யார் வர வேண்டுமோ அவர்கள் வரமாட்டார்கள். மாணவியர் பாதிப் பேர் இருக்க வேண்டும். கேமராவும் ஒலியும் அவர்கள் கைக்கும் முறை வைத்து வர வேண்டும். ஆண்டு இறுதியில் விழா அரங்கில் ஒரு திரையீடு. அதற்கு முன்பு அந்தந்தத் தெருவில், அந்தந்த ஊரில், வேட்டியைக் கட்டி ஒரு திரையீடு.

நம் கல்லூரிக்கு எத்தனை கிராமங்களிலிருந்து மாணவர்கள் வருகிறார்கள்! ஒவ்வொருவரும் தம் ஊரைப் பற்றி மூன்று நிமிடப் படம் எடுத்தால், பத்தாண்டில் நம் நூலகத்தில் இந்தப் பகுதியின் வாழ்க்கையே படமாகச் சேர்ந்துவிடும். நாளைய வரலாற்று மாணவன் அதைத் தேடி வருவான். வெளியிலிருந்து யாரோ வந்து நம்மைப் படம் பிடித்துக் காட்டும்வரை காத்திருப்பானேன்?

இப்போது நான் திரையரங்குக்குப் போனால் முன்போல் 'பிரமாதம்' என்றோ 'மோசம்' என்றோ உடனே சொல்ல வாய் வருவதில்லை. அந்த ஒலியை எங்கிருந்து எடுத்தார்கள், அந்தக் காட்சிக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று எண்ணிக்கொள்கிறேன். நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.

அக்கா இன்றும் அதே முனையில் இஸ்திரி போடுகிறார். சென்ற மாதம் வண்டியின் மேசையை நான்கு விரல் உயர்த்தி, காலுக்குக் கட்டை கொடுத்திருந்தார். "உங்க படத்தைப் பாத்துட்டு என் பையன் அப்பாகிட்டச் சொல்லிச் செய்ய வெச்சான் தம்பி. இப்ப அவ்வளவு குனிய வேணாம்" என்றார். எங்கள் படம் எந்தப் போட்டிக்கும் போகவில்லை. போகத் தேவையும் இல்லை.